பூத்து ஓய்ந்த பின்

சென்ற மாசி மாதத்தில் நம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொலை நடந்துவிட்டது. பூத்து ஓய்ந்து, தண்டு கருகி நின்ற சாமந்தியை, "பட்டுப் போயிற்று" என்று வேரோடு பிடுங்கி எறிந்தோம். எறிந்த பிறகே கண்டோம், அதன் அடியில் மூன்று பச்சைக் கன்றுகளை!

அதே வாரத்தில், வாடிய காசித்தும்பைக்குக் குடம் குடமாக நீர் வார்த்தோம். அது பிழைக்கவில்லை. அதன் ஆயுள் ஒரு பருவமே. முற்றிய காய் வெடித்து விதை சிதறியதும் அதன் கடமை தீர்ந்தது.

செடிகளுக்கெல்லாம் ஆயுள் ஒன்றன்று. துலுக்கச் சாமந்தியும் ஒரு பருவச் செடியே. ஆயினும் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால், விதை கட்டும் முயற்சியில் மேலும் சில நாள் பூக்கும். மல்லிகையோ பல்லாண்டு வாழ்வது. கார்த்திகை, மார்கழியில் கவாத்துச் செய்தால் பங்குனியில் அரும்பு கட்டும். மலையில் வாழும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகள் காத்திருந்து, 2018-இல் பூத்ததுபோல் ஒரே முறை பூத்து, விதையை விட்டு மடியும்.

ஆகவே வாசகர்களே, செடியைப் பிடுங்குமுன் அதன் அடியைச் சற்றே குனிந்து நோக்குங்கள். நாம் பட்ட வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.