தாலி போனால் கூரையும் போகுமா?



சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் கவிழ்த்து மேசைமேல் கொட்டினார். வாக்காளர் பட்டியலின் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகள், ரேஷன் கார்டு, கரண்ட் பில் கட்டு, குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பு நகல். "அண்ணாச்சி, இதுல நான் எங்கயாவது இருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இருந்தார். ஒரே ஒரு தாளில் மட்டும் இல்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் நிரந்தர வீடு பெறத் தகுதியுள்ளோர் பட்டியல் அது. அவருடைய கோலியின் எண்ணுக்கு நேரே அவரை விட்டுப் போன முன்னாள் புருஷனின் பெயர் இருந்தது. அந்த மனிதர் அந்தக் கோலியில் படுத்தெழுந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது!

1992-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, கழுத்தில் மஞ்சள் காயாத தாலியோடு வி.டி.யில் ரயிலிறங்கியவர் இவர். போட்டோ பாஸ் மாமனார் காலத்தது. பிறகு புருஷன் பெயருக்கு மாறியது. தகரத்தை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தது இவர் விடிகாலையில் இட்லி அவித்து விற்ற காசு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கோலிக்குள் புகுந்த சாக்கடைத் தண்ணீரை வாளி வாளியாய் இறைத்ததும் இவர்தான். 2011-இல் புருஷன் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு கல்யாண் பக்கம் போனார். 2017-இல் இருவர் சம்மதத்தோடு விவாகரத்து. பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. கோலியைப் பற்றி ஒரு வரி இல்லை. வக்கீல் கேட்கவில்லை; இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பில்டரின் ஆட்கள் ஒப்பந்தத்தோடு வந்த அன்று, முன்னாள் புருஷன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இவர் தன் பெயரில் மனுக் கொடுத்தார். அலுவலகத்தில் கிடைத்த பதில்: "நீதான் இப்போது அவன் மனைவி இல்லையே, எந்த உரிமையில் கேட்கிறாய்?"

மனைவியாக இருந்தவரை, 'அதுதான் புருஷன் பெயரில் இருக்கிறதே, உனக்கு எதற்குத் தனியாக?' என்றார்கள். மனைவியாக இல்லாதபோது, 'நீ யார்?' என்கிறார்கள். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. இந்தப் பெண் எந்த நாளில், எந்த வேளையில் வந்து கேட்டிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் நாள் குறித்துக் கொடுக்கட்டும்!

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1995-இல் வந்த இந்தத் திட்டம் முதலில் 1.1.1995-ஐயும் பிறகு 1.1.2000-ஐயும் கெடுநாளாக வைத்தது. அந்த நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும், இன்றும் அந்தக் குடிசையில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தாலி கட்டியவர் என்று எழுதவில்லை. குடியிருப்பவர் என்றுதான் எழுதியிருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், ஒப்பந்தத்தைக் குடும்பத் தலைவர், துணைவர் இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்கிறது அதே விதி. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்குவதில் முதலிடம் என்றும் சொல்கிறது. தாளில் நல்ல விதி. ஆனால் 'துணைவர்' என்ற சொல் மணவாழ்க்கை நீடிக்கும்வரைதான் நிற்கும். 'பெண் தலைமை' என்பதோ, ஸர்வேக்காரர் அவளைத் தலைவி என்று எழுதினால்தான் வரும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் விவாகரத்தான பெண் விழுகிறாள்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்தான் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி. அரிசி வாங்க வரிசையில் நிற்பதற்கு அவள் தலைவி. அந்த அரிசியைப் பொங்கும் நான்கு சுவருக்குப் பட்டியல் எழுதும்போது மட்டும் தலைவன் வந்துவிடுகிறான்!

நம்மில் கோப்புப் புரட்டிப் பிழைப்பவர்களுக்கு இது தெரியும். ஒரு பெயரை அடிக்க ஒரு கோடு போதும். அதையே மறுபடி சேர்க்கப் பதினெட்டுத் தாள் வேண்டும். ரயில்வே பாஸில் மனைவியின் பெயரை அடித்தால் ஒரு பயணம் போகும். வீட்டுப் பட்டியலில் அடித்தால் ஒரு வாழ்க்கையே தெருவுக்கு வரும்.

இந்த நகரத்தில் நமக்கிருக்கும் குடியிருப்புரிமை எவரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் ஜனதா காலனியை இடித்து, தமிழர்கள் ஏராளமாக இருந்த அந்த ஜனங்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். 1981-இல் மழைக்காலத்தில் நடைபாதைவாசிகளைத் தூக்கி எறியக் கிளம்பியபோது, உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் 1961-இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 1985-இல் நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். அகற்றத் தடை விதிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் 1976 கணக்கெடுப்பில் இருந்தவர்களுக்கு மாற்றிடம் தரச் சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை தாள் வைத்திருப்பவன் பிழைக்கிறான், தாள் இல்லாதவன் அழிகிறான். அந்தத் தாள் எல்லாம் புருஷன் பெயரில் இருந்ததை நாம் ஒருவரும் அன்று கவனிக்கவில்லை.

கோர்ட் என்ன சொல்கிறது? 2005-இல் பெங்களூர் வாடகை வீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவன் கைவிட்டுப் போன வீட்டில் இருக்கும் மனைவி, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், கணவன் சொல்லக்கூடிய வாதங்களைத் தானே சொல்லிப் போராடலாம். ஆனால் விவாகரத்து ஆகிவிட்டால், கணவன் வழியாக வந்த அந்த உரிமை முடிந்தது. விவாகரத்துத் தீர்ப்பிலோ உடன்படிக்கையிலோ வீட்டைப் பற்றி எழுதியிருந்தால்தான் உண்டு. நம் சகோதரியின் தீர்ப்பில் இல்லாத அந்த ஒரு வரியின் விலை என்ன என்று இப்போது புரிகிறதா? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவியை வெளியே தள்ளக் கூடாது என்கிறது அது. விவாகரத்துக்கு முன் நடந்த கொடுமைக்குப் பின்னாலும் நிவாரணம் கேட்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் இருக்கிற கோலியிலிருந்து தள்ளாதே என்பது வேறு, நாளை எழும்பப்போகும் கட்டடத்தில் இவள் பெயரை எழுது என்பது வேறு.

அமெரிக்காவைப் புகழ நமக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் முலுண்டில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய் விவாகரத்தானதால் இது நம் காதுக்கு வந்தது. 1986-இல் அந்நாடு ஒரு சட்டம் போட்டது. குடிமகனை மணந்து வருபவளுக்கு முதலில் இரண்டு வருடத் தற்காலிக உரிமைதான். பிறகு இருவரும் சேர்ந்து மனுப் போட்டால் நிரந்தரம். நடுவில் பிரிந்தால்? அவளே விவாகரத்துக் கேட்டிருக்க வேண்டும், அதற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும் என்றார்கள். 1990-இல் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டார்கள். கல்யாணம் நாடகமல்ல, உண்மையாகத்தான் நடந்தது என்று காட்டினால் அவள் தனியாகவே மனுப் போடலாம். அந்நிய நாட்டில் அந்நியப் பெண்ணுக்கு இது முடிகிறது. சொந்த நாட்டில், வோட்டுப் போடும் குடிமகளுக்கு, முப்பது வருடம் குடியிருந்த கோலியில் முடியாதா?

அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'இரண்டு வீடு வாங்கப் பொய் விவாகரத்துச் செய்கிறார்கள்' என்பார்கள். ஐயா, ஒரு குடிசைக்கு ஒரு வீடு. நாம் இரண்டு கேட்கவில்லை. அந்த ஒன்றை யார் பெயரில் எழுதுவது என்பதுதான் கேள்வி. குடியிருப்பவர் பெயரிலா, குடியிருக்காதவர் பெயரிலா? பாஸ் மனைவி பெயரில் இருந்து புருஷன் பிள்ளைகளோடு தவித்த ஒரு கேஸையும் நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கும் இதே நியாயம்தான்.

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போய்விட முடியாது. நம் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கோடு. அதன் கீழே 'மனைவி மக்கள் எண்ணிக்கை' என்று ஒரு சின்னக் கட்டம். நம் தாய்மார்களுக்குப் பெயர் கிடையாது, எண்ணிக்கைதான்! அந்தப் படிவத்தை அச்சுக்குக் கொடுத்தது நாம்தான், வெட்கத்தோடு சொல்கிறோம்.

ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஒரு படி மேலே. "வாழாவெட்டிக்கு பம்பாயில் என்ன வேலை, அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்" என்று நம் கூட்டத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொன்னார். அண்ணன் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் சோறு விழும் என்று அவருக்குத் தெரியாதா? பஞ்சாயத்தில் உட்கார்ந்து 'தீர்த்துவிட்டோம்' என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஒதுக்கவில்லைதான். ஆனால் அந்த வழக்கம் உண்டென்று நிரூபிக்க வேண்டும். அதுவரை அந்தத் தாளோடு போகும் பெண் அலுவலகத்தில் மனைவியும் இல்லை, விவாகரத்தானவளும் இல்லை. பத்திரம் எழுதிய பெரியவர்கள் அன்று கூட வருவதில்லை.

தாராவியில் 2024-இல் கணக்கெடுப்புத் தொடங்கியபின் வீடு வீடாக எண் எழுதினார்கள். எண் எழுதும் இடமெல்லாம் நாம் கேட்பது இதுதான்: ஸர்வே தாளில் புருஷன், மனைவி இருவர் பெயரும் ஏற வேண்டும். பிரிந்திருந்தால், உள்ளே குடியிருந்து பிள்ளைகளை வளர்ப்பவர் பெயர் ஏற வேண்டும். அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் ஒருவர் கையெழுத்தை மட்டும் வாங்கி ஒப்பந்தம் முடிக்கக் கூடாது.

விவாகரத்து வழக்கு நடக்கிற தாய்மார்களே, வக்கீலிடம் சொல்லுங்கள்: கோலி எண்ணைப் போட்டு, இது யாருக்கு, இதற்கு ஈடாக வரும் வீடும் யாருக்கு என்று உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு முடிந்து போனவர்களும் சோர வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி ஜீவனாம்சத்தைத் தீர்ப்புக்குப் பிறகும் கேட்கலாம். கெடுநாளுக்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தை இப்போதே நகல் எடுத்து வையுங்கள். புருஷன் பெயரோடு சேர்ந்த பெயரானாலும் அது உங்கள் பெயர்தான்.

படிவத்தை மாற்றிவிட்டோம். புதியதில் இரண்டு பெயருக்கும் ஒரே அளவு கோடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்கத்தில் வாங்கிக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதித் தருவார்கள்.

அந்தச் சகோதரியின் மேல்முறையீடு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. நாள் தெரிந்ததும் கரும்பலகையில் எழுதிப் போடுவோம். அன்று காலை ஒன்பது மணிக்குச் சங்க வாசலில் கூடி அங்கிருந்து சேர்ந்து போகிறோம். பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு ஆண்கள் வீட்டில் இருந்துவிட வேண்டாம். லீவு கிடைக்காதவர்கள் அரை நாளாவது கேட்டுப் பாருங்கள்.