ஊசி குத்தாமல், தோலைத் துடைத்தே நஞ்சைக் கண்டுபிடிக்க முடியுமா?

2017 பிப்ரவரி 13, கோலாலம்பூர் விமான நிலையம். வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜாங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிவிட்டு நகர்ந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்தார். அது ‘விஎக்ஸ்’ என்ற நரம்பு நச்சு என்று 11 நாட்களில் மலேசியக் காவல்துறை அறிவித்தது. காட்டிக்கொடுத்தது, அவரது முகத்திலும் கண்ணிலும் துடைத்து எடுத்த மாதிரிகள்.

எப்படி எடுக்கிறார்கள்?

• துடைத்தல்: ஆல்கஹாலில் நனைத்த துணியால் தோலைத் துடைப்பது.
• கழுவுதல்: கையைக் கரைசலில் அலசி, அந்தக் கரைசலைச் சேகரிப்பது.
• டேப்: ஒட்டும் டேப்பை ஒட்டி உரிப்பது. தோலின் மேலடுக்கு மெல்லியதாகப் பெயர்ந்து வரும். அடுத்தடுத்து உரித்தால், நஞ்சு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்றும் தெரியும்.

பிறகு ஆய்வகத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி, அது என்ன வேதிப்பொருள் என்று சொல்லும்.

அப்போ ரத்தப் பரிசோதனையே வேண்டாமா?

வேண்டும். தோல் மாதிரி ‘மேலே என்ன பட்டது’ என்று மட்டுமே சொல்லும். ‘உடலுக்குள் எவ்வளவு போனது’ என்பதற்கு ரத்தம்தான் சாட்சி. நேரமும் முக்கியம். விஎக்ஸ் எண்ணெய் போன்றது, சீக்கிரம் ஆவியாகாது. சாரின் அப்படியில்லை, வேகமாக ஆவியாகிவிடும்.

இது நமக்கு எதற்கு?

விஎக்ஸும், நம் வயல்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளும் ஒரே வேதிக் குடும்பம். வீரியத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டுமே முடக்குவது, நரம்புக்கும் தசைக்கும் இடையிலான சமிக்ஞையை நிறுத்தும் அதே நொதியைத்தான். 2017-லேயே மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

அந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தெளிக்கும் பருவத்துக்கு முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். தினக்கூலிக்கு வருபவருக்கு அதை யார் எடுப்பது? வேலை முடிந்ததும் கையைத் துடைத்து ஒரு மாதிரி எடுப்பது அதைவிட எளிது. கையுறை உண்மையில் காக்கிறதா, தெளிப்பான் கசிகிறதா என்பதை, ஆள் மயங்கி விழுவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் மீதோ, வீட்டில் ஒருவர் மீதோ மருந்து பட்டால், மாதிரிக்காகக் காத்திருக்க வேண்டாம். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தடயம் போனால் போகட்டும், உயிர்தான் முக்கியம்.