வேண்டுவோரும் ஆக்குவோரும்

கணிப்பொறி விளையாட்டு காலத்தை வீணாக்கும் கேடு என்று ஒதுக்கிவிடும் பெரியோர் உளர். அவர்தம் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அவ்விளையாட்டை ஒட்டி வளர்ந்துள்ள ஒரு பழக்கத்தை எண்ணிப் பார்த்தல் மாணவர்க்குப் பயன் தரும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். ஒரு நிறுவனம் ஆக்கி விற்ற விளையாட்டை, அதை விளையாடுவோரே திருத்தியும் கூட்டியும் குறைத்தும் வேறொன்றாக்கிப் பெரும்பாலும் விலையின்றிப் பிறர்க்கு வழங்குகின்றனர். விளையாடுவோர் 'மாட்' என்று கூறும் இதனை ஈண்டு மாற்றாக்கம் என்போம்.

மாற்றாக்கம் பற்றிப் பேசுவோரில் வேண்டுவோரே பலர். "இவ்விளையாட்டில் இன்ன நகரம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், யாரேனும் செய்து தாருங்கள்" என்பது அவர்தம் பல்லவி. கருவியை எடுத்துத் தாமே முயல்வோர் மிகச் சிலர். வேண்டுவது குற்றமா எனின், அன்று. ஆசையின்றி எந்த ஆக்கமும் பிறந்ததில்லை. ஆயினும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் வரை அவ்வாசைக்கு உருவம் அமைவதில்லை. பெரிய நகரம் வேண்டும் என்பவன், அதில் எத்தனை தெருக்கள், எந்தத் தெருமுனையில் எந்தக் கடை, இரவில் விளக்கு எங்கே எரியும் என்று எண்ணியிருக்க மாட்டான். எண்ணத் தொடங்கிய அன்றே அவன் ஆக்குவோர் பக்கம் வந்துவிட்டான் எனலாம்.

இதன் வரலாறு சுவையானது. 1993 திசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாப்ட்வேர் நிறுவனம் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட 'உல்ஃபென்ஸ்டைன்' விளையாட்டின் கோப்புகளுக்குள் சிலர் அரும்பாடுபட்டுப் புகுந்து படங்களையும் ஒலிகளையும் மாற்றியிருந்தனர். தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் அதைக் கண்டு சினம் கொள்ளவில்லை, மகிழ்ந்தார். ஆகவே 'டூம்' விளையாட்டில் படம், ஒலி, நிலப்படம் முதலியவற்றை இயக்கு நிரலிலிருந்து பிரித்து, 'வாட்' எனப்படும் தனிக் கோப்பில் வைத்தார். வீட்டுச் சாமான்களை மாற்றுவதற்குச் சுவரை இடிக்க வேண்டுவதில்லை என்னும் நிலை அது. விற்பனைப் பொருளை ஆக்கியவரே அதைப் பிறர் மாற்ற வழிவிட்டது சிறு செயலன்று.

ஆனால் நிலப்படம் வரையும் ஆயத்தக் கருவி எதுவும் விளையாட்டுடன் வரவில்லை. 'ஒரு கருவி தாருங்கள்' என்று வேண்டிக் காத்திருந்திருக்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த மாணவர் பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ரஃபேல் கினேயும் வேறு சிலரும் அவ்வாறு காத்திருக்கவில்லை. கோப்பின் அமைப்பை ஆராய்ந்து அறிந்து, 1994 சனவரியில், விளையாட்டு வெளிவந்து இரண்டு திங்கள் நிறைவதற்குள், கருவியை வெளியிட்டு யாவர்க்கும் வழங்கினர். அதன் பின்னர் உலகெங்கும் நிலப்படங்கள் குவிந்தன. டிம் வில்லிட்ஸ் என்னும் இளைஞர் தாமாக வரைந்த நிலப்படங்களைக் கண்டே அந்நிறுவனம் அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டது.

கற்பவனுக்கு மட்டுமே தெரியும் ஒன்று உண்டு. மூல 'டூம்' விளையாட்டில் ஓர் அறைக்கு நேர்மேலே மற்றோர் அறை அமைக்க இயலாது. நிலப்படத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரே தரை உயரமும் ஒரே கூரை உயரமுமே உண்டு. வேண்டுவோன் 'மாடிவீடு ஏன் இல்லை?' என்று குறைகூறுவான். ஆக்குவோனோ அந்தத் தடையை அறிந்து, படிக்கட்டையும் ஏறி இறங்கும் மேடையையும் கொண்டு மாடியில் நிற்பது போன்ற மயக்கத்தைத் தோற்றுவிப்பான். யாப்பு அறிந்தவன் தளையை நொந்துகொள்வதில்லை அல்லவா? அது போன்றதே இதுவும்.

பெரிய வெற்றிகளைக் கண்டு மலைப்போர், அவற்றின் பின்னுள்ள சிறு படிகளைக் காண்பதில்லை. 1999 சூனில் முதல் சோதனைப் பதிப்பாக வந்த 'கவுன்டர் ஸ்ட்ரைக்', 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின் மாற்றாக்கமே. அதனை ஆக்கிய இருவருள் ஒருவரான மின் லே, அதற்கு முன்பே வேறு விளையாட்டுகளுக்கு மாற்றாக்கங்கள் செய்து பழகியவர்.

'எமக்கு நிரல் எழுதத் தெரியாதே' என்பர் சிலர். ஆஸ்திரேலியாவின் நிக் பியர்ஸ் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். 2012இல் 'ஸ்கைரிம்' விளையாட்டிற்கு ஆக்கக் கருவி வெளிவந்தபின், ஓய்வு நேரத்தில் மூன்றாண்டு உழைத்து, ஏறத்தாழ 1,700 மணி நேரம் செலவிட்டு, மறக்கப்பட்ட நகரம் ஒன்றன் கதையைப் படைத்தார். 2015இல் வெளிவந்த அம்மாற்றாக்கம் மறு ஆண்டே ஆஸ்திரேலிய எழுத்தாளர் மன்றத்தின் பரிசைப் பெற்றது; 2021இல் தனி விளையாட்டாகவும் உருப்பெற்றது. எழுத்துக்காகப் பரிசு பெற்றது என்பதைத் தமிழ் பயில்வோர் கருதுவாராக.

1,700 மணி நேரம் எல்லார்க்கும் வாய்க்குமா எனின், வாய்க்காது. தேர்வும் குடும்பக் கடமையும் உடையவர்க்கு அதை அறிவுரையாகக் கூறுதல் கொடுமை. ஆயின் ஊதியமின்றி இரவில் கண்விழித்து உழைப்பவரை நோக்கி, "ஏன் இன்னும் முடிக்கவில்லை? எப்போது தருவீர்?" என்று கடன்காரரைப் போல் வினவுவது அதனினும் கொடுமை என்போம். ஒருமுறையேனும் சிறிதளவு தாமே செய்து பார்த்தவர் அவ்வாறு வினவார். குறையைச் சுட்டும்போதும், எந்த இடத்தில், எதைச் செய்தபோது பிழை நேர்ந்தது என்று தெளிவாக எழுதுவார். ஆக்கியவர்க்கு அது உதவியாகவும் அமையும்.

அந்தச் 'சிறிதளவு' உண்மையிலேயே சிறிதுதான். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் மண், கல், மரம் ஆகிய கட்டைகளின் ஒவ்வொரு முகமும் பக்கத்திற்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரப் படம். மொத்தம் 256 புள்ளிகள். பத்தமடைப் பாயில் கோரையை எண்ணி வண்ணக்கட்டம் அமைக்கும் கைகளுக்கு இது பெரிய வேலையன்று. நிரலின் ஒரு வரியும் அறியாமல், புள்ளிகளுக்கு வண்ணமிட்டு உரிய கோப்புறையில் வைத்தால், அவ்வுலகின் கல் நாம் விரும்பிய கல்லாகிவிடும்.

தமிழ்த்துறை மாணவர்க்கோ இதனினும் அணுக்கமான வேலை அங்கே காத்திருக்கிறது. 'விளையாட்டுகளில் தமிழ் இல்லையே' என்னும் ஏக்கம் நம்மிடையே பழகிப்போன ஒன்று. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் மொழிப்பட்டியலில் தமிழ் உண்டு. அம்மொழிபெயர்ப்பு தன்னார்வலர் ஒவ்வொரு சொல்லாக முன்மொழிந்து, வாக்களித்துத் தேர்ந்து உருவாக்குவது. சொற்கள் யாவும் ஒரு கோப்பில், ஒருபுறம் குறிப்பெயரும் மறுபுறம் தமிழுமாக நிற்பவை. பிடிக்காத சொல்லைத் தம் கணிப்பொறியில் தாமே மாற்றிக்கொள்ளவும் தடையில்லை.

சான்றாக, அவ்விளையாட்டில் பாறையை வெட்டினால் 'காபுள்ஸ்டோன்' கிடைக்கும். அகராதியைப் புரட்டிக் 'கூழாங்கல்' என்றால் ஆறு உருட்டி வழவழப்பாக்கிய கல் நினைவுக்கு வரும். இதுவோ வெட்டிய கையோடு சிதறிய கரடுமுரடான கல். 'உடைகல்' என்பது பொருந்தும் என்பது எம் கருத்து. 'சல்லி' என்பார் ஒரு நண்பர். சல்லி இதனினும் பொடி என்பது எம் மறுப்பு. கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லை மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எந்தச் சொல்லை இடுவது என்னும் வழக்குத் தீரத்தான் ஒரு மாலைப்பொழுது வேண்டியிருக்கும்.