கொல்லைப்புற நாய் வணிகம்: கேட்பார் யார்?

தலைநகர் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் திரியும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது நாடே இரு அணியாகப் பிரிந்து வாதிட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று கூறியதோடு, வழக்கின் வரம்பை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. நவம்பர் 7-ஆம் தேதி பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றவும் உத்தரவு வந்தது.

இத்தனை வாதப் பிரதிவாதங்களிலும் போதிய கவனம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. விலை கொடுத்து வாங்கப்பட்டு, பின்னர் வேண்டாமென்று வீதியில் விடப்படும் நாய்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றைப் பிறப்பித்து விற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?

இதற்கு விடை தேட, தமிழகமும் கேரளமும் கைகோக்கும் எல்லைப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வரைபடத்தில் கோடு விழுந்ததே தவிர, மக்களின் உறவும் வாணிபமும் அறுபடவில்லை. காய்கறியும் பாலும் மாடும் போலவே நாய்க்குட்டியும் இங்கே எல்லை தாண்டும் சரக்குதான். மாட்டையாவது சோதனைச் சாவடியில் நிறுத்திச் சான்றிதழ் கேட்கிறார்கள். காரின் பின் இருக்கையில் அட்டைப்பெட்டிக்குள் முனகும் குட்டியை யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த வணிகத்துக்குக் கடையும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். வீட்டின் கொல்லையில் தகரக் கூரை வேய்ந்த ஒரு கூண்டும், லாப்ரடார் அல்லது ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை ஒன்றும் போதும். பருவத்துக்கு வந்ததும் தெரிந்தவர் வீட்டுக் கடுவனுடன் சேர்க்கிறார்கள். கூலியாகப் பணமோ ஒரு குட்டியோ கைமாறுகிறது. அந்தக் கடுவன் பெட்டையின் உடன்பிறப்பா, அதற்கு இடுப்பு மூட்டுக் கோளாறு உண்டா என்று பார்ப்பவர் அரிது. ஏறத்தாழ 63 நாள்களில் குட்டிகள் பிறக்கின்றன. தாய்ப்பால் மறப்பதற்கு முன்பே அவை விற்கப்படுகின்றன. வாங்கியவர் வீட்டில் பார்வோ நோய் கண்டு குட்டி இறந்தால், அது வாங்கியவரின் தலைவிதி. விற்காமல் தங்கி வளர்ந்துவிட்டவையும், இனி ஈனும் திறனற்ற தாயும் தீனிக்குச் சுமையாகின்றன. வாங்கியவருக்கும் ஆசை தீர்ந்தால் இதே கதைதான். இருட்டிய பின் மலைப்பாதையின் வளைவிலோ சந்தைப்பேட்டையின் ஓரத்திலோ இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினால் கணக்கு முடிந்தது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. சட்ட ஆணையம் 2015-இல் அளித்த 261-ஆவது அறிக்கை, செல்லப்பிராணிக் கடைகளையும் நாய் இனப்பெருக்கத்தையும் நெறிப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன்பின் 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை வெளியிட்டது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் எவரும் இத்தொழிலை நடத்தக்கூடாது; 18 மாதம் நிறையாத நாயை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தக்கூடாது; ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேலும் ஈனக்கூடாது; எட்டு வயதைத் தாண்டியதற்கு ஓய்வு தர வேண்டும்; எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. தனிநபரும் இந்த விதிகளுக்கு உட்பட்டவரே. எனவே, கொல்லைப்புறத்தில் நடப்பது குடிசைத் தொழில்தானே என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஆனால் பதிவு செய்ய வேண்டிய வாரியத்தின் நிலையோ பரிதாபம். திருவனந்தபுரம் அருகே கடற்கரையில் ஒரு வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமையைத் தாமாக முன்வந்து விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், மாநில விலங்கு நல வாரியத்தை மறுசீரமைக்குமாறு 2021-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், உரிய அங்கீகாரம் இல்லை என்பதால் குடும்பஸ்ரீ அமைப்பு செய்துவந்த நாய் கருத்தடைப் பணியும் நீதிமன்ற உத்தரவால் நின்றது. ஒரு பக்கம் கருத்தடை முடங்க, மறுபக்கம் கட்டுப்பாடற்ற இனப்பெருக்கம் தொடர்ந்தால் வீதிகள் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தண்டனையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை! ஒரு குட்டியை ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு இது தேநீர்ச் செலவு. தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று ஜல்லிக்கட்டு வழக்கின் 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 நவம்பரில் திருத்த மசோதாவின் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. வரைவு வரைவாகவே நின்றது.

மத்திய அரசு அவசரம் காட்டிய இடமும் உண்டு. 2024 மார்ச் மாதம் 23 நாய் இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்க மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று கூறி, ஏப்ரல் மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தின் மீது பழி போடுவது எளிது. அதைப் பொறுப்பின்றிப் பெருக்குபவரைப் பிடிப்பதுதான் கடினமான வேலை.

தமிழக அரசு 2024-இல் அறிவித்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களைப் பெருக்குவதற்குத் தடை விதிக்க முற்பட்டது. நோக்கம் சரியானதே. ஆனால் ஒரு மாநிலத்தின் கொள்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாளையாற்றோடு அதன் அதிகாரம் முடிந்துவிடும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாலக்காட்டில் பனிப்பிரதேசத்து நாயைக் கூண்டில் அடைத்துக் குட்டி எடுத்து, கோவையில் விற்க நினைப்பவரைத் தடுக்க இரு மாநிலங்களும் சேர்ந்தாலன்றி வழியில்லை.

இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது கோம்பை. அந்த ஊரின் பெயரையே தாங்கிய நாயினம் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பாராட்டினார். பெருமைதான். ஆயினும் புகழ் கூடும்போது போலியும் கூடும். வம்சாவளிப் பதிவேடு இல்லாமல் கண்டதையும் கலந்து, செவலை நிறத்தில் பிறந்ததையெல்லாம் கோம்பை என்று விற்றால், அயல் இனங்களால் அழியாத நாட்டு இனம் அதன் பெயராலேயே அழியும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெரியாறு, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள் இந்த எல்லையை ஒட்டியவை. செந்நாய்கள் வாழும் காடுகள் இவை. தடுப்பூசி போடாமல் விரட்டப்படும் நாய் வெறிநோயை மட்டும் சுமப்பதில்லை. டிஸ்டெம்பர் நோயையும் கானகத்துக்குள் கொண்டு செல்லக்கூடும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் கண்டறியப்பட்டது இந்த டிஸ்டெம்பர் கிருமிதான்.

ஏழைக் குடும்பங்களின் பக்க வருமானத்தில் கை வைக்கலாமா என்று கேட்பார்கள். பதிவு செய்து, பெட்டைக்கு ஓய்வு தந்து, தடுப்பூசி போட்டு விற்பவரை எவரும் தடுக்கவில்லை. நெறிப்படி நடப்பவரின் குட்டி விலைபோகாமல் தேங்குவதற்குக் காரணமே, நெறியற்றவர் பாதி விலைக்கு விற்பதுதான். தெருநாய்களில் பெரும்பாலானவை தெருவிலேயே பிறந்தவை என்பதும் உண்மை. ஆனால் தெருநாய்க்கு முகவரி கிடையாது; கொல்லைப்புறக் கூண்டுக்கு முகவரி உண்டு. தடுக்க எளிதானதையே தடுக்காத அரசுகள், கடினமானதை எப்படிச் சாதிக்கப் போகின்றன?

செய்ய வேண்டியவை தெளிவானவை. கேரளத்தில் ஊராட்சிகள் நாய்க்கு உரிமம் வழங்க 1998-ஆம் ஆண்டிலிருந்தே விதி உண்டு. அந்த உரிமத்தோடு நாயின் உடலில் மைக்ரோசிப் பொருத்துவதையும், விற்றவரின் பதிவு எண்ணைக் குறிப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். பதிவு எண் இல்லாத விற்பனை விளம்பரங்களைத் தடை செய்ய வேண்டும். எல்லை மாவட்டங்களின் கால்நடைத் துறை அதிகாரிகள் பதிவேடுகளைத் தங்களுக்குள் பகிர வேண்டும். நாடாளுமன்றம் அந்த 50 ரூபாய் அபராதத்துக்கு முடிவு கட்ட வேண்டும்.

முல்லைப் பெரியாற்றில் ஒவ்வொரு அடி நீருக்கும் வழக்காடும் இரு மாநிலங்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக மௌனம் காக்கின்றன. அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பது, கடிபட்ட காலோடு தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கும் பள்ளிச் சிறுவனும், மலைப்பாதை வளைவில் வந்த வண்டி திரும்பி வருமென்று காத்திருக்கும் நாயும்தான்.