ஊதலும் ஒரு படுக்கை விரிப்பும்

பேய்க் கதைகளைப் படமாக்க முற்படுகிறவர்கள், பேயைக் காட்டுவதிலேயே தங்கள் பிரயாசை முழுவதையும் செலவிட்டுவிட்டு, அது வருமுன் ஒரு மனிதனின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்ட மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அவர்கள், 1968ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஜோனதன் மில்லர் எடுத்த 'விசில் அண்ட் ஐ'ல் கம் டு யூ' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரங்கூட ஓடாத படம்.

மூலக்கதையை எழுதிய எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பழஞ்சுவடிகளை ஆராய்ந்த மகாபண்டிதர். கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, தாம் எழுதிய ஆவிக் கதைகளை வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். 1904இல் வெளியான அவரது தொகுதியில் உள்ள இந்தக் கதையில், கடற்கரை ஊருக்கு விடுமுறையில் வரும் பேராசிரியர் ஒருவர் புராதன ஊதல் ஒன்றைக் கண்டெடுக்கிறார், வருகின்றவன் யார் என்று லத்தீனில் வினவும் வாசகம் அதில் பொறித்திருக்கிறது, அவர் ஊதுகிறார், ஏதோ ஒன்று வருகிறது.

ஜேம்ஸின் பேராசிரியர் இளைஞர். மில்லரோ, மைக்கேல் ஹார்டர்ன் என்னும் ஒப்பற்ற நடிகரைக் கொண்டு அவரை முதியவராக்கி, தமக்குத் தாமே முணுமுணுத்துக்கொண்டும், அரைகுறையாகப் பாடிக்கொண்டும், பிறர் பேச்சைப் பாதியே காதில் வாங்கிக்கொண்டும் காலம் கழிக்கிற தனியராக நம் முன் நிறுத்துகிறார். காலை உணவு வேளையில் கர்னல் ஒருவர், பேய்களில் நம்பிக்கை உண்டா என்று கேட்க, பேராசிரியர் அந்தக் கேள்வியையே கூறுபோட்டு ஆராய்ந்து, ஹாம்லெட்டின் பிரசித்தமான வாக்கியமொன்றைத் தலைகீழாகப் புரட்டிச் சொல்லித் தம் சாமர்த்தியத்தில் தாமே பூரித்துப்போகிறார். உலகத்தோடு உறவற்றுத் தன் புத்தியை மட்டுமே துணையாகக் கொண்ட அந்த ஜீவனுக்கு அந்தப் புத்தி கைவிடும்போது பற்றிக்கொள்ள வேறொன்றும் இராது என்பதை, பேய் தலைகாட்டுமுன்பே நாம் உணர்ந்துவிடுகிறோம். இதற்குமேல் பயங்கரத்துக்கு என்ன வேண்டும்!

சம்பாஷணை மிகக் குறைவு. காற்றும், காலடியும், அவருடைய முனகலுமே காதில் நிறைகின்றன. கனவில் ஆளரவமற்ற கடற்கரையில் அவரைத் துரத்துவதும், இறுதியில் அறையிலுள்ள மற்றொரு கட்டிலிலிருந்து எழுவதும் வெறும் துணி, அவ்வளவுதான். அதைக் கண்டு அந்த மேதை குழந்தையைப்போலக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு ஓலமிடுவதைத்தான் காணச் சகிக்கவில்லை. ஜேம்ஸ், ஊதலைக் கடலில் எறியச்செய்து, விரிப்பையும் எரித்து வாசகரை ஓரளவு ஆறுதல்படுத்துகிறார். மில்லர் அந்த ஆறுதலையும் மறுத்துவிடுகிறார்.

வைத்தியம் பயின்றவரான மில்லர், ஆவியை மனோவியாதியாகச் சுருக்கிவிட்டார் என்று ஜேம்ஸின் பக்தர்கள் சிலர் குறைகூறுவதுண்டு. அது நியாயமன்று, வந்தது ஆவியா, சித்தப்பிரமையா என்று அவர் எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் குறைகூறுவதெல்லாம், தொடக்கத்தில் அவரே தம் குரலில் கதையின் தாத்பரியத்தை எடுத்துரைப்பதைத்தான். இத்தனை நம்பிக்கையோடு மௌனத்தைக் கையாளத் தெரிந்த கலைஞருக்கு அந்த முன்னுரை எதற்கு?

2010இல் பி.பி.சி. இதே கதையை ஜான் ஹர்ட்டைக் கொண்டு மறுபடியும் எடுத்தபோது, ஊதலுக்குப் பதில் மோதிரத்தை வைத்து, ஞாபகமெல்லாம் அழிந்துபோன மனைவியொருத்தியையும் புகுத்தி, வருகின்றதற்கு ஒரு காரணம் கற்பித்தார்கள். ஹர்ட்டின் நடிப்பு உள்ளத்தை உருக்குகிறது. ஆயினும், காரணம் தெரிந்த மாத்திரத்தில் பார்ப்பவருடைய பயம் அனுதாபமாக மாறிவிடுகிறது. மில்லரின் பேராசிரியரோ, தமக்கு நேர்ந்தது எதனால் என்று கேட்கவும் நாவெழாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். நமக்கும் அதைச் சொல்வார் யாருமில்லை.