கடலுக்கும் ஓய்வு வேண்டும்

பொதுச்சொத்து என்றால் எவரும் எப்பொழுதும் எவ்வாறும் நுகரலாம் என்று பொருள்கொள்வோர் நம்மிடையே பலர். கதவும் காவலும் தனியார் தோட்டத்திற்கே உரியவை. இறைவன் படைத்த இயற்கைக்கு வேலி எதற்கு என்று அவர்கள் வினவுவர். கேட்பதற்கு இனிய இவ்வினாவிற்கு, பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சிறு விரிகுடா விடை பகர்கிறது.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹொனலுலு நகருக்குக் கிழக்கே அமைந்தது ஹனௌமா விரிகுடா. பண்டொருகால் நெருப்பை உமிழ்ந்த எரிமலை வாய் அது. அதன் ஒருபுறச் சுவரைக் கடல் உடைத்துப் புகுந்தமையால், பிறைபோல் வளைந்த கரையும் ஆழம் குறைந்த தெளிநீரும் உருவாயின. கண்ணாடிக் கவசம் அணிந்து, மூச்சுக்குழல் ஒன்றை வாயில் கவ்வி, முகத்தை நீருக்குள் தாழ்த்தி மிதந்தால் போதும். வண்ண மீன்களும் பச்சை ஆமைகளும் உலவும் வேறோர் உலகம் கண்முன் விரியும். ஸ்நோர்கலிங் எனப்படும் இக்குழல்நீச்சலுக்காகவே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர்.

1967ஆம் ஆண்டில் இவ்விரிகுடா, ஹவாயின் முதல் கடல்வாழ் உயிர்க் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது. பிடிப்பார் அற்றுப்போகவே மீன் பெருகிற்று. மீன் பெருகவே காண்பார் பெருகினர். 1980களில் நாள்தோறும் பல்லாயிரவர் இறங்கினர். வலையிலிருந்து மீட்கப்பட்ட கடல், காலடியில் சிக்கிக்கொண்டது.

பவளம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது அணிகலனே. அங்குள்ள பவளப்பாறையோ எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. பாறைபோல் திரளும் பவள வகைகள் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வன. இளைப்பாறுவதற்காக ஒருவர் அதன்மீது ஒரு கணம் நின்றால், பல்லாண்டு உழைப்பு நொறுங்கிவிடும். கிளறப்படும் மணல் நீரைக் கலக்கி, பவளத்தினுள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிக்கு ஒளி எட்டாமல் செய்யும்.

வந்தவர்கள் தீயவர்கள் அல்லர் என்பதையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். மீன்மீது கொண்ட பரிவினால் ரொட்டியும் பட்டாணியும் தூவினர். அதன் விளைவு யாது? முந்திப் பறிக்கும் முரட்டு மீன்கள் கொழுத்தன. பாசியை மேய்ந்து பாறையைத் தூய்மை செய்யும் இயல்பான வாழ்வு நிலைகுலைந்தது. ஆகவே, உணவிடுதலும் தடைசெய்யப்பட்டது. அறியாமையோடு கூடிய அன்பும் ஊறு செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனை உணர்ந்தே 2002இல் அங்கு ஒரு கல்வி மையம் திறக்கப்பட்டது. பவளத்தை மிதியாதீர், உயிர்களைத் தீண்டாதீர் என்று அறிவுறுத்தும் குறும்படத்தைக் கண்ட பின்னரே வருவோர் கடலில் இறங்கலாம். பவளத்திற்குக் கேடு விளைக்கும் இருவகை வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புப் பூச்சுகளின் விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை ஹவாய் 2018இல் இயற்றியது. 2021 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், மிகப் பெரிய பாடத்தைப் புகட்டியது கொரோனாப் பெருந்தொற்றே. 2020 மார்ச் முதல் பல மாதங்கள் விரிகுடா மூடப்பட்டிருந்தது. மனிதர் வாராத அக்காலத்தில் நீர் முன்னினும் தெளிந்திருந்ததை ஆய்வாளர் கண்டனர். அதற்கு முன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்த இடம், அவ்வாண்டு டிசம்பரில் 720 பேருக்கு மட்டுமே திறந்தது. பின்னர் அவ்வெண் உயர்த்தப்பட்ட போதிலும் பழைய நெரிசலுக்கு இடமளிக்கவில்லை. முன்பதிவு முறையும், வாரத்தில் திங்கள், செவ்வாய் ஆகிய இருநாள் ஓய்வும் நடைமுறையாயின.

நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவனுக்கு இடமில்லை என்பது முறையா என்று சிலர் கேட்கலாம். அவ்வருத்தம் உண்மையானதே. வெளியூரார் செலுத்தும் கட்டணம் எளியவரைத் தயங்கச் செய்யும் என்பதையும் மறுப்பதற்கில்லை. உள்ளூர் மக்களிடம் கட்டணம் பெறாமை ஓரளவு ஆறுதல். ஆனால், வந்தவர் அனைவரையும் இன்றே உள்ளே விட்டால், நாளை வருபவர் காண்பதற்கு எது எஞ்சும்? இன்று திருப்பி அனுப்பப்படுபவர் மற்றொரு நாள் வரலாம். சிதைந்த பவளம் அவர் ஆயுளுக்குள் மீளுமென்று உறுதி கூற இயலாது. பொதுச்சொத்தில் இன்னும் பிறவாதாருக்கும் பங்குண்டு. அவர்கள் சார்பில் வாதாட அவ்வாயிற்கதவைத் தவிர வேறு எவரும் இல்லை.

அன்பு மாணவர்களே! அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை உண்பதற்கு மட்டும் உரிய முதுமொழியாகக் கருதிவிடாதீர்கள். அது காண்பதற்கும் பொருந்தும். ஓர் அழகிய இடத்தை அடையும்போது, இங்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், இங்கு நான் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டறியுங்கள். கற்ற பின் காண்பதும், கண்டபின் அதனைக் கண்டவாறே விட்டு அகல்வதும் பண்பட்டோர் கடன்.