கப்பல் ஏறும் பைக்

பைக்கில் நாடு நாடாகச் சுற்றக் கிளம்புகிறவர்கள் கப்பல் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டு, மலிவு என்று மகிழ்ந்துபோகிறார்கள். பைக்கை அடைத்து அனுப்பும் மரப்பெட்டிக்குப் பெரும்பாலும் கன மீட்டர் பார்த்துத்தான் காசு. முன்சக்கரத்தையும் கண்ணாடிகளையும் கழற்றிப் பெட்டியைக் குறுக்கினால் மிச்சம். அந்த மிச்சமெல்லாம் இறங்கும் துறைமுகத்தில் பறந்துவிடும். கன்டெய்னரைப் பிரிக்க, கிடங்கு வாடகைக்கு, சுங்க முகவருக்கு என்று நீளும் அந்த பில்லைப் பற்றி, கப்பலில் ஏற்றி அனுப்பும் முகவர் மூச்சே விடுவதில்லை. ஆஸ்திரேலியா என்றால் டயர் இடுக்கிலோ ரேடியேட்டர் மடிப்பிலோ மண், விதை, செத்த பூச்சி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அங்கேயே சுத்தம் செய்யச் சொல்வார்கள், நம் செலவில். பழைய டூத் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியதுதான். (இந்தக் கெடுபிடி எனக்கு நியாயமாகவே படுகிறது.) சில நாடுகளுக்கு, வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக கார்னே என்ற சுங்கப் பத்திரமும் அதற்கான பிணைத்தொகையும் தனி. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே, டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. அதைத் தாண்ட பைக்கை விமானத்தில் பொகோட்டாவுக்கு ஏற்றுகிறவர்களை ஊதாரிகள் என்று சொல்ல மாட்டேன். கப்பல் எப்போது வரும் என்று ஓட்டல் அறையில் காத்துக்கிடக்கும் வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.